எட்டு மாதக் குழந்தை இரவில் அடிக்கடி விழிக்கிறது: பால் பற்றாக்குறையா, வேறு காரணமா?

கேள்வி: காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம் நிறைந்துவிட்டது. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மகப்பேறு விடுப்பு முடியும் வரை இரவில் இரண்டு முறை மட்டும் விழித்துப் பால் குடித்துவிட்டு உறங்கிவந்தவள், நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பதினொரு மணி தாண்டினால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது விழித்துவிடுகிறாள். விழிக்கும்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை. முகத்தைப் படுக்கையில் இருபுறமும் தேய்த்து, என் நைட்டியின் கழுத்துப் பட்டையைக் கையால் துழாவிப் பிடித்து, வாய் வைத்த பிறகுதான் அடங்குகிறாள். தூளியில் போட்டு ஆட்டினால் உறங்குவாள், ஆனால் ஆட்டம் நின்ற சற்று நேரத்தில் மறுபடியும் சிணுங்கத் தொடங்கிவிடுவாள்.

பகலில் என் மாமியார் மிகுந்த அன்போடு பார்த்துக்கொள்கிறார். நான் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலைப் பாலாடையில் கொடுத்தால், பாதியைக் குடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிறாளாம். காலையில் கேழ்வரகுக் கூழும் மதியம் பருப்புச் சாதமும் கொடுக்கிறோம். எடை வயதுக்கேற்ப இருப்பதாகத்தான் மருத்துவர் சொன்னார்.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "உனக்குப் பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை விடியும்வரை தூங்கும்" என்கிறார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றச் சொல்கிறார் ஒருவர். மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. குழந்தையை அழவிட்டுப் பழக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு தோழி சொல்கிறார். அதைக் கேட்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பால் உண்மையிலேயே போதவில்லையா? இரவுப் பாலை நிறுத்திவிட வேண்டுமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மீனாட்சிபுரம் (மதுரை)

வணக்கம் சகோதரி. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதக் குழந்தை விடிய விடிய உறங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறானது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் உறங்கவில்லை. ஒரு வயதிலும் 28 விழுக்காட்டினர் அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் எந்தப் பின்னடைவும் தென்படவில்லை. எனவே "உன் பிள்ளை இரவில் தூங்குகிறதா?" என்று யாராவது கேட்டால், அதைத் தாய்மைக்கு வைக்கும் தேர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூளியைப் பற்றிச் சொல்கிறேன். நாமும்கூட இரவில் பலமுறை அரைகுறையாக விழித்துத்தான் மறுபடி உறங்குகிறோம். காலையில் அது நினைவில் இருப்பதில்லை. குழந்தைக்கு இந்த அரைவிழிப்பு இன்னும் அடிக்கடி நேரும். ஆட்டத்தோடு உறங்கிப்போன குழந்தை ஆட்டம் இல்லாத நேரத்தில் விழித்தால், உறங்கும்போது இருந்ததைத் தேடி அழத்தான் செய்யும். மார்பில் வாய் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கும் இதுவே பொருந்தும். ஆகவே இரவு முழுவதையும் மாற்றப் பார்க்காமல், மாலையில் முதல்முறை உறங்க வைக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண் சொக்கும்வரை மடியில் வைத்திருந்து, முழுவதும் உறங்குவதற்கு முன்பே பாயில் கிடத்தி, உள்ளங்கையை மார்பில் இலேசாக அழுத்தி வைத்து, எப்போதும் பாடும் தாலாட்டையே பாடுங்கள். அழுதால் தூக்கிவிடுங்கள், அடங்கியதும் மறுபடி கிடத்துங்கள். சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் முதல் உறக்கத்துக்குப் பழகிய குழந்தை நடு இரவிலும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும்.

அழவிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஏழெட்டு மாதக் குழந்தைகளுக்குச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டுத் தேற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்து, ஆறு வயதுவரை கவனித்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, அந்த முறையால் பிள்ளைகளுக்கு நீண்டகாலத் தீங்கும் இல்லை, நிலைத்த நன்மையும் இல்லை. செய்தவர்கள் கொடியவர்களும் அல்லர், செய்யாதவர்கள் எதையும் இழந்தவர்களும் அல்லர். உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் (தஞ்சாவூர்)

அம்மா, பேறுகாலப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படித்தாலே விடை கிடைக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகே விழிப்பு கூடியிருக்கிறது. பகலில் பாலாடைப் பாலைப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறாள். தாயைப் பிரிந்திருக்கும் நேரத்தில் குறைவாகக் குடித்து, தாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இரவில் அதை ஈடுசெய்துகொள்வது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளிடம் நாங்கள் மிகச் சாதாரணமாகப் பார்ப்பது. இது பால் பற்றாக்குறை அன்று. எடை கூடுகிறது என்றால், ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறாள் என்றால், விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்றால், பால் போதவில்லை என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. புட்டிப்பால் கொடுத்தால் விடியும்வரை உறங்குவாள் என்பதற்கும் எந்த உறுதியும் கிடையாது.

இந்த வயதுக்கே உரிய வேறொன்றும் இதனுடன் சேர்ந்திருக்கிறது. கண்ணில் படாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது எட்டாம் மாதத்தையொட்டித்தான் குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. அதனாலேயே பிரிவு அவளுக்கு வலிக்கிறது. தவழத் தொடங்கும் பருவமும் பல் முளைக்கும் பருவமும் இதுவே.

எனவே இரவுப் பாலை நிறுத்துவதைவிடப் பகலில் கூட்டுவதே வழி. புறப்படுவதற்கு முன்பு ஒருமுறை வயிறு நிறையக் கொடுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, காப்பி, சமையல் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதல் வேலையாக மகளோடு உட்காருங்கள். இந்த வயதுக் குழந்தை யாராவது பேசினாலே தலையைத் திருப்பிப் பார்க்கும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அரைகுறையாகத்தான் குடிக்கும். ஆகையால் வெளிச்சம் குறைந்த, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் கொடுங்கள். பீய்ச்சிய பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்து, அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

உணவையும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, தாய்ப்பாலோடு நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை திட உணவு தேவை. ஒன்பதாம் மாதத்திலிருந்து அது மூன்று நான்கு வேளையாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் இரண்டு வேளையோடு மாலையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீராக ஓடும் கூழ் வயிற்றை நிரப்புமே தவிரச் சத்தைத் தராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் மசித்து, சிறிது நெய் சேருங்கள். முட்டை, பருப்பு, கீரை, அசைவம் உண்பவர்கள் என்றால் ஈரல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகள் உறக்கத்தில் அமைதியின்றிப் புரள்வதுண்டு. ஆறு மாதம் முதல் வாரத்துக்கு இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்துச் சிரப் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வசம்பு வேண்டாம். உரைத்து ஊற்றும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவே இல்லை. வாந்தியோடும் மயக்கத்தோடும் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுவரை தேனும் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். தூளியில் தலை முன்னால் கவிழ்ந்து மோவாய் மார்பில் முட்டினால் மூச்சு தடைப்படும். உட்காரவும் எழவும் முயலும் பிள்ளை தூளித்துணியில் கழுத்து சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே இனி ஆள் பார்வையில் இல்லாமல் தூளியில் விட வேண்டாம். இரவில் உறுதியான, சமமான படுக்கையில், தலையணையோ கனத்த போர்வையோ இல்லாமல், மல்லாக்கக் கிடத்துங்கள். சோபாவிலோ நாற்காலியிலோ பால் கொடுத்தபடி நீங்கள் கண் அயர்ந்துவிடக் கூடாது. அது படுக்கையைவிட ஆபத்தானது.

குறட்டை விட்டாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, காதைப் பிடித்து இழுத்து அழுதாலோ, காய்ச்சல் கண்டாலோ, எடை தேங்கினாலோ, தோலில் அரிப்பு இருந்தாலோ, காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில்: இரு பணிமுறை (ஓசூர்)

வணக்கம். தந்தை என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை; குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. பால் கொடுப்பது தாய் என்பதால் இரவு முழுவதும் தாயின் பொறுப்பு என்று நம் வீடுகளில் தானாகவே முடிவாகிவிடுகிறது. அது மாற வேண்டும். என் மகனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது நானும் மனைவியும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார். ஒரு மணிவரை மகன் என் பொறுப்பு. பால் மணம் அருகில் இல்லாததால், முதுகைத் தட்டிக்கொடுப்பதையும் தோளில் போட்டு நடப்பதையும் அவன் சில இரவுகளில் ஏற்றுக்கொண்டான். உண்மையான பசி என்றால் ஃபிரிட்ஜில் இருந்த பாலைக் கொடுத்தேன். நான்கு மணி நேரம் இடையறாமல் உறங்கி எழுந்தவரின் முகமே வேறாக இருந்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேறு நலன் குறித்த சட்டப்படி, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளையைத் தவிர, பாலூட்டுவதற்கென்று நாள்தோறும் இரண்டு இடைவேளைகள் உங்களுக்கு உரிமை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் என்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம். வீடு பக்கத்தில் இருந்தால் அந்த இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், பால் பீய்ச்ச ஒரு தனி அறையை எழுத்து மூலம் கேளுங்கள்.

காவிரிக்கரை (திருச்சி)

உங்கள் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எனக்குப் பால் இருக்கிறது என்பதை ஒருவர் காரணத்தோடு எடுத்துச் சொன்னதே பெரிய ஆறுதல். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பணியில் இருப்பார். வீட்டில் இருக்கும் இரவுகளில் முதல் பாதியைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மாமியாரும் இந்தப் பதில்களைக் கேட்டுவிட்டு, மாலையில் சாதம் மசித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் செவிலியர் அம்மாவிடம் கேட்க நினைக்கிறேன். மகள் நன்றாக உறங்கும் நேரத்திலும் எனக்கு உறக்கம் வருவதில்லை. விடியற்காலையில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. அலுவலகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது உறக்கக் குறைவால் வருவதுதானா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் (தஞ்சாவூர்)

இதைக் கேட்டது மிக நல்லது அம்மா. உறக்கக் குறைவு மட்டும்தான் காரணம் என்றால், குழந்தை உறங்கும்போது நீங்களும் அடித்துப்போட்டதுபோல் உறங்கிவிடுவீர்கள். வாய்ப்பு இருந்தும் உறக்கம் வராததும், காரணமற்ற அழுகையும், கவனம் நிற்காததும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது பிரசவமான முதல் மாதத்தில்தான் வரும் என்றில்லை; முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மனவலிமை இல்லாததால் வருவதும் அன்று. இதைக் கண்டறியப் பத்தே கேள்விகள் கொண்ட ஓர் எளிய வினாத்தாளை 1987 முதல் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ சென்று, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இவையும் இதே சோர்வைத் தரும். பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு என்பதால், பாலை நிறுத்த நேருமோ என்று அஞ்சி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நேரில் செல்லும்வரை, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, வீட்டாரிடம் சொல்லி அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கணவர் வெளியூரில் இருக்கும் இரவுகளில் முதல் நான்கு மணி நேரத்தை மாமியாரோ உங்கள் தாயாரோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று இன்றே கேளுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.