ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஹெச்டி பாக்ஸ்: டிடிஹெச்சா, கேபிளா, ஃப்ரீ டிஷ்ஷா?

சாரல்பய:
வணக்கம் மக்கா. ஊரு தென்காசி பக்கம், நான் வேலை பாக்குறது சென்னைல. பொங்கலுக்குப் போனப்ப 43 இன்ச் டிவி ஒண்ணு வாங்கி மாட்டிட்டு வந்தேன், ஆனா பழைய டப்பா டிவிக்கு இருந்த அதே எஸ்டி (ஹெச்டி அளவுக்கு தெளிவு இல்லாத சாதா) கேபிள் பாக்ஸத்தான் மஞ்ச செவப்பு வெள்ள ஒயர்ல சொருகி வச்சிருக்காங்க. அம்மா என்னடான்னா பழைய டிவியே தேவல, இதுல எல்லார் மூஞ்சியும் சப்பி வச்ச மாதிரி தெரியுதுங்கிறாங்க. அம்மாவுக்கு சாயங்காலத்துல இருந்து சீரியல், அப்பாவுக்கு நியூஸும் கிரிக்கெட்டும், வேற ஒண்ணும் வேணாம். கேபிள்லயே ஹெச்டி பாக்ஸ் கேக்கவா, டிடிஹெச் போடவா, இல்ல மாச காசே கிடையாதுங்கிற அந்த தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் வாங்கவா? மழைக்காலத்துல டிஷ் புட்டுக்கும்னு அப்பா பயப்படுறார், மாடி பக்கத்துல தென்னை வேற நிக்குது.

வைஃபைவாத்தி:
இந்தக் காலத்துல பாக்ஸ் எதுக்கு ப்ரோ, நெட் போட்டு எல்லாத்தையும் ஆப்ல பாக்க விட்டுருங்க.

கோமதி:
வைஃபைவாத்தி, உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்ல போல. எங்க மாமியாருக்கு ஆப்ல லாகின் கேட்டா அன்னைக்கு சீரியல் போச்சு, நான் ஆபீஸ்ல இருந்து போன்ல ஓடிபி சொல்லணும். நம்பர அமுக்குனா சேனல் வரணும், அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும்.

சாரல்பய, மொதல்ல காசு செலவில்லாத ஒரு வேலைய பாருங்க. மூஞ்சி சப்பையா தெரியுறதுக்கு பாக்ஸோட தரம் காரணம் இல்ல, பழைய டப்பா டிவி அளவு 4:3 படத்த புது டிவியோட அகலமான 16:9 திரைக்கு இழுத்து விட்டதுதான். டிவி செட்டிங்ல படத்தோட அளவ 4:3 ஆக்குனா ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வரும், ஆனா மூஞ்சி மூஞ்சியா இருக்கும். மங்கல் மட்டும் போகாது, ஏன்னா மஞ்ச ஒயர்ல எஸ்டிக்கு மேல போகவே போகாது, ஹெச்டிஎம்ஐ ஒயர் சொருகுற ஹெச்டி பாக்ஸ் வேணும்.

இன்னொண்ணு, இத விக்கிறவங்க யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஹெச்டி பாக்ஸ் மாட்டுனா மட்டும் எல்லா சேனலும் ஹெச்டி ஆயிடாது. சன் டிவி ஹெச்டி, விஜய் ஹெச்டி, ஜீ தமிழ் ஹெச்டின்னு அதுக்குன்னு தனி நம்பர்ல வர்ற சேனல பேக்ல சேத்து காசு கட்டணும். எஸ்டி பேக்கையே போட்டுட்டு ஹெச்டி பாக்ஸ் மோசம்னு திட்டுற ஆளுங்க எங்க தெருவுலயே இருக்காங்க. எந்த கம்பெனியா இருந்தாலும் ஆஃபர் பேக்க வாங்காம அம்மா பாக்குற நாலஞ்சு சேனல எழுதி வச்சு அதத் தனித்தனியா போட்டா எவ்வளவு ஆகும்னு கேளுங்க, 2019ல டிராய் (டிவி, போன் கம்பெனிகள கட்டுப்படுத்துற அரசு ஆணையம்) கொண்டு வந்த முறைப்படி சேனல தனியா எடுக்க நமக்கு உரிமை இருக்கு. தமிழ் நியூஸ்ல பாதிக்கு மேல இலவச சேனல்தான், அதனால அப்பா பக்கம் செலவு கம்மி, ஸ்போர்ட்ஸ்தான் இழுக்கும். கிரிக்கெட் சீசனுக்கு மட்டும் போட்டு அப்புறம் எடுத்துருங்க.

டிஷ்மணி நெல்லை:
தம்பி, இது நம்ம ஏரியா விஷயம், பாத்துக்கிடுங்க. சாரலுக்கெல்லாம் டிஷ் ஒண்ணும் ஆவாது. ஐப்பசி கார்த்திகைல இடியோட கொட்டுற மழைக்கு கொஞ்ச நேரம் போவும், எந்த கம்பெனின்னாலும் போவும், ஏன்னா எல்லாமே பெருமழைல அடிபடுற கேயூ பேண்டு அலைவரிசைதான். அதுக்கு பரிகாரம் கம்பெனிய மாத்துறது இல்ல, டிஷ்ஷ சரியா திருப்புறது. மாட்ட வர்ற பையன் படம் வந்துட்டுன்னு சொல்லிட்டு ஏணிய தூக்கிருவான், விட்டுறாதீய. பாக்ஸ் மெனுல சிக்னல்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஸ்ட்ரெங்த் ஒரு கோடு, குவாலிட்டி ஒரு கோடு. குவாலிட்டிதான் முக்கியம், ஸ்ட்ரெங்த் நிறைய இருந்து குவாலிட்டி கம்மியா இருந்தா லேசா மானம் கறுத்தாலே கட்டம் கட்டமா ஒடையும். வெயிலடிக்கிற நாள்ல அது நல்லா மேல நிக்கிற வரைக்கும் டிஷ்ஷையும் எல்என்பியையும் (தட்டுக்கு முன்னாடி கம்பில இருக்கிற, சிக்னல் வாங்குற மண்டை) நூல் நூலா திருப்ப சொல்லுங்க.

தென்னைக்கு வருவோம். நம்ம ஊருக்கு ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் வர்ற ஜிசாட்-15 சாட்டிலைட் நிக்கிறது 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைல, நம்ம ஊர்ல இருந்து பாத்தா தென்கிழக்கு பக்கம், ஏறக்குறைய 68 டிகிரி ஒசரத்துல. தட்டு பாதி சாஞ்சு நிக்கிற மாதிரிதான் தெரியும் ஆனா அது பாக்குறது கிட்டத்தட்ட உச்சியத்தான், எல்என்பி கீழ தள்ளி இருக்கறதால அப்படி ஒரு தோற்றம். அதனால மொட்டமாடிய விட 30 அடி ஒசந்து நிக்கிற மரம்னாலும் 12, 13 அடி தள்ளி இருந்துட்டா மறைக்காது, கூட கொஞ்சம் மட்டை ஆடுறதுக்கு எடம் விடுங்க. மரம் மேக்க நின்னா கவலையே படாதீய. மத்த கம்பெனிக்கு சாட்டிலைட் வேற எடத்துல, திசையும் கொஞ்சம் மாறும்.

நான் பாத்த கம்ப்ளைண்ட்ல முக்காவாசி மழைல கெட்டதில்ல, எல்என்பிக்கிட்ட கனெக்டர்ல தண்ணி எறங்கி உள்ள செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். ஒயர் எல்என்பில ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்குற மாதிரி விட்டா தண்ணி அங்கயே சொட்டிரும், கனெக்டர ரப்பர் டேப் சுத்தணும். டிஷ்ஷுக்குன்னு வர்ற ஆர்ஜி6 ஒயர்ல நல்லதா கேளுங்க, நடுவுல ஒட்டு போட விடாதீய.

சும்மாஇருப்பவன்:
ஃப்ரீ டிஷ் பத்தி யாரும் பேசலியே. 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்னு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் மாச கட்டணம்னு பத்து பைசா கிடையாது, பாக்ஸுக்கும் தட்டுக்கும் ஒரு தடவ குடுக்கிறதோட சரி. ஆனா உண்மைய சொல்லணும்னா அது இந்தி வீட்டுக்கு வரம், நம்ம வீட்டுக்கு ரெண்டாவது கனெக்‌ஷன். டிடி தமிழ், அதான் பழைய பொதிகை, அது வரும், ஆனா சன், விஜய், ஜீ தமிழ் சீரியல் வராது, உங்க அம்மா மறுநாளே பெட்டிய தூக்கி பரண்ல போட்டுருவாங்க. வாங்குறதா இருந்தா எம்பெக்-4ங்கிற புது முறை பாக்ஸா பாத்து வாங்குங்க, பழைய முறை எம்பெக்-2 பாக்ஸ் இன்னும் கடைல சல்லிசா கெடக்கு, அதுல எல்லா சேனலும் வராது. மணி அண்ணாச்சி சொன்ன அதே சாட்டிலைட்டுங்கறதால ஏற்கனவே அத பாத்து திருப்பி வச்ச சன் டைரக்ட் டிஷ் இருக்கிற வீட்ல இந்த பாக்ஸ மட்டும் மாட்டினா போதும்.

சாரல்பய:
எல்லாருக்கும் நன்றி. கோமதி அக்கா சொன்ன 4:3 மாத்தத்த இப்பதான் போன்ல சொல்லி அப்பாவ வச்சு செஞ்சேன், அம்மா இப்ப கருப்பு பட்டை ஏன் வருதுன்னு கேக்குறாங்க 😂 ஃப்ரீ டிஷ் கேன்சல். தென்னை மேக்கதான் நிக்குது. ஒரு டவுட்டு: டிடிஹெச் எடுத்து சர்வீஸ் புடிக்கலன்னா அதே பாக்ஸோட வேற கம்பெனிக்கு போக முடியுமா, சிம் மாதிரி?

கோமதி:
முடியாது. எந்த கம்பெனி பாக்ஸ்லயும் பாக்கலாம்ங்கிற மாதிரி வரணும்னு டிராய் 2020லயே பரிந்துரை பண்ணுச்சு, வீட்டு வரைக்கும் வரல. அதனால பாக்ஸுக்கு கம்மியா காசு கேக்குற எடத்துல சேருங்க, ஆறு மாசம் ஒரு வருஷம்னு மொத்தமா கட்டாதீங்க, எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க ஒரு கம்பெனில வருஷத்துக்கு கட்டிட்டு பாதில வீடு மாறி அந்த காசுக்கு இன்னும் மல்லுக்கட்டுறாங்க.

டிஷ்மணி நெல்லை:
நானே டிஷ் மாட்டுற ஆளு, இருந்தாலும் சொல்றேன். உங்க ஊரு கேபிள்காரர்கிட்ட ஹெச்டி பாக்ஸ் இருக்கா, அந்த சீரியல் சேனல் ஹெச்டில வருதான்னு மொதல்ல கேளுங்க. ஒயர் அந்து விழுந்தா அப்பா கூப்ட்ட உடனே சைக்கிள்ல வர்ற ஆளுன்னா அவர விட்றாதீய, கால் சென்டர்ல ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னா அப்பாவுக்கு கோவந்தான் வரும். அவர் இல்லன்னாருன்னா டிடிஹெச் போடுங்க, ரீசார்ஜ நீங்க சென்னைல இருந்தே பண்ணிக்கிடலாம். இருக்கிற கேபிள் பாக்ஸ மறக்காம ரிமோட், அடாப்டரோட திருப்பிக் குடுத்துருங்க, அது அவங்க பொருளு. புது பாக்ஸயும் டிவியோட சேத்து இன்வெர்ட்டர் லைன்லயே போடுங்க, கரண்ட் போய் வந்தா பாக்ஸ் முழிக்க ரெண்டு நிமிசம் ஆவும், சீரியல்ல அந்த ரெண்டு நிமிசம் பெரிசு.