விதானத் தண்மை: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வறட்சியில் எண்ணெய்வித்துப் பயிர்களின் இலை எவ்வளவு சூடேறுகிறது என்று எழுத வந்தால், ஓர் அளவுக்குப் பெயர் வேண்டியிருக்கிறது: காற்றின் வெப்பநிலையிலிருந்து பயிர் விதானத்தின் (இலைகள் சேர்ந்து அமைக்கும் மேற்பரப்பின்) வெப்பநிலையைக் கழித்தால் வரும் மதிப்பு. 'ஆவிக்குளிர்ச்சி', 'விதான வெப்பத் தாழ்வு' என்ற இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'விதானத் தண்மை' என்பதை முன்மொழிகிறேன்.

'ஆவிக்குளிர்ச்சி' அழகான சொல். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை இலையிடமிருந்து எடுத்துச் செல்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் கூடி இலைத்துளைகள் மூடுகின்றன. நீராவிப்போக்கு குறைந்து இலை சூடாகிறது. இதெல்லாம் சரி. ஆனால் அகச்சிவப்பு வெப்பமானி காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான், அது வந்த வழியை அல்ல. நிலக்கடலையைப் பாருங்கள். நீர் குறைந்ததும் அதன் நான்கு சிற்றிலைகளும் மடிந்து கதிர்களுக்கு இணையாக நிற்கும். இலைமேல் விழும் வெயிலே குறைவதால் நீரைச் செலவிடாமலே சூடு மட்டுப்படுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளிலோ துளைகள் திறந்திருந்தும் இலை அவ்வளவாகக் குளிராது. பல காரணங்கள் கலந்து உருவாகும் அளவுக்கு ஒரு காரணத்தை மட்டும் பெயராக வைத்தால், படிக்கும் மாணவர் நீராவிப்போக்கையே அளந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

'வெப்பத் தாழ்வு' என்பதில் வெப்பமும் வெப்பநிலையும் குழம்புகின்றன. 'வெப்பநிலைத் தாழ்வு' என்று நீட்டினாலும், தாழ்வு கூடினால் பயிருக்கு நல்லது என்று ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் புரட்டிப் பார்க்க வேண்டும். 'தண்மை 3 டிகிரி' என்றால் உடனே விளங்குகிறது. இலை காற்றைவிடச் சூடானால் தண்மை எதிர்க்குறி பெறும். அதில் இடறல் இல்லை.

விதானத்துக்குப் பதில் 'இலைப்பரப்பு' வேண்டாம், அது ஏற்கெனவே வேறோர் அளவின் பெயர். தனி இலையை அளந்தால் 'இலைத் தண்மை' எனலாம்.

நீர்ப்பற்றாக்குறையால் பயிர் படும் நெருக்கடியைக் (drought stress) குறிக்கும் 'வறட்சி அழுத்தம்' பற்றியும் ஒரு வார்த்தை. 'வறட்சி அழுத்தம் கூட, செல்லின் விறைப்பழுத்தம் குறைகிறது' என்று எழுதிப் பார்த்தால் இடர் புரியும்: முதல் 'அழுத்தம்' நெருக்கடி, இரண்டாவது செல்லுக்குள் நீர் தரும் அழுத்தம். 'வறட்சித் தகைவு' போதும்.

எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதை வரையறையில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் இட்ஸோ, ஜாக்சன் ஆகியோர் 1981இல் வகுத்த பயிர் நீர்த்தகைவுக் குறியீடு (CWSI) விதான வெப்பநிலையிலிருந்து காற்றின் வெப்பநிலையைக் கழிக்கிறது. நம்முடையது அதன் நேரெதிர். வறட்சியைத் தாங்கும் ஆற்றலைச் சுட்டும் 'தாங்குதிறன்' என்ற சொல் வரையறைக்குள் வரவே கூடாது; தண்மை மட்டும் அதற்குச் சான்றாகாது. ஆழ வேரோடி நீர் எடுக்கும் ரகமும் தண்மை காட்டும். இருக்கும் கொஞ்ச நீரையும் முன்கூட்டியே செலவழித்துவிடும் ரகமும் சில நாள் அதே தண்மையைக் காட்டும்.

என் வரைவு இது:

விதானத் தண்மை – முகிலற்ற வானில், நண்பகலை ஒட்டி, நிலத்தை இலைகள் மூடிய பயிரில், காற்றின் வெப்பநிலையிலிருந்து விதான வெப்பநிலையைக் கழித்துப் பெறும் மதிப்பு. அலகு டிகிரி செல்சியஸ்.

'நிலத்தை இலைகள் மூடிய' என்ற தொடரை நீக்க வேண்டாம். இடைவெளியில் தெரியும் காய்ந்த மண் இலையைவிட மிகச் சூடாக இருக்கும். கருவி அதையும் சேர்த்தே படித்துவிடும்.