தம்பியோடு போச்சியா, மெரினா, அப்புறம் ஒரு பூட்டிய ஊஞ்சல்

பிசியோவும் ஸ்பீச் தெரபியும் போக, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சந்தோஷத்துக்கென்று என்ன செய்கிறீர்கள் என்று இங்கே ஒருவர் அம்மாக்களைக் கேட்டிருந்தார். நான் அம்மா இல்லை, அக்கா. தம்பிக்கு 13 வயது, மூளை முடக்குவாதம். கை கால் நான்கிலும் இறுக்கம் உண்டு, பேச்சு வராது, எதையும் கண்ணாலும் தலையசைப்பாலும்தான் சொல்வான். சென்னையில் இருக்கிறோம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் போச்சியா. இவனைப் போன்றவர்களுக்காகவே உருவான ஆட்டம் இது, 1984லிருந்து பாராலிம்பிக்கிலும் இருக்கிறது. முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள், அப்புறம் ஒருவருக்கு ஆறு சிவப்பு, இன்னொருவருக்கு ஆறு நீலம், வெள்ளைக்குக் கிட்டே யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். பந்து 275 கிராம்தான், கை நிறைய இருக்கும், துள்ளாமல் போய் நிற்கும். கையால் எறிய முடியாதவர்களுக்கு ஒரு சாய்தளம் உண்டு, அதன் மேல் பந்தை வைத்தால் நெற்றியில் கட்டிய குச்சியால் தள்ளிவிடுவார்கள். தம்பி ஸ்கூலில் பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்து அவர்களே செய்து வைத்திருந்தார்கள், நன்றாகவே ஓடுகிறது.

இதில் உதவியாளருக்கு ஒரு விதி இருக்கிறது. சாய்தளத்தை நகர்த்துகிறவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் எல்லாம் ஆடுகிறவர் சொல்வதுதான். முதல் நாள் நான் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், கண்ணை இடது பக்கம் ஓட்டுகிறான், நகர்த்துகிறேன், போதாது, இன்னும் கொஞ்சம், இல்லை, திரும்ப வலது, அப்புறம் மறுபடி இடது. எனக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை முன்னால் தள்ளினான், பந்து உருண்டது, டொக்கென்று ஒரு சத்தம், உடனே இவன் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டிருக்கும். வெள்ளையை ஒட்டி நின்ற எதிராளியின் நீலப் பந்தை அடித்து ஒதுக்கியிருக்கிறான். அதற்குத்தான் அவ்வளவு நேரம் குறி பார்த்திருக்கிறான் என்பதே எனக்குப் பி.இ.டி. சார் சொல்லித்தான் தெரியும்.

எந்தச் சட்டை, தயிர்சாதமா இட்லியா, எப்போது படுக்கை, வீட்டில் எல்லாமே நாங்கள் முடிவு செய்வதுதான். இங்கே அவன் முடிவு செய்கிறான், அது பலித்ததா இல்லையா என்று அவனே முதலில் பார்க்கிறான். கழுத்து இப்போது நன்றாக நிற்கிறது என்று பிசியோ அக்கா சொல்கிறார், சந்தோஷம்தான், ஆனால் அவன் அங்கே போவது கழுத்துக்காக இல்லை. இதை வீட்டில் பெரியவர்களுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு நாளாயிற்று. விளையாட்டு என்றால் அதனால் என்ன முன்னேற்றம் என்று உடனே கேட்கிறார்கள். மற்ற பிள்ளை தெருவில் கிரிக்கெட் ஆடப் போனால் யாராவது அப்படிக் கேட்கிறோமா?

அடுத்து மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை போட்டிருப்பது நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும், 2022 நவம்பரில் திறந்தார்கள், இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயலில் கடல் பக்கத்து முனை பெயர்ந்துபோய், திரும்பச் சரிசெய்தார்கள். கிட்டத்தட்ட 263 மீட்டர். அது வருவதற்கு முன்னால் அப்பா இவனைத் தூக்கிக்கொண்டுதான் மணலில் நடப்பார், வளர வளர அதுவும் நின்றுபோனது. பாதை வந்த பிறகு வீல்சேரிலேயே போய்க் காற்றை வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறான். போகிறவர்களுக்கு ஒன்று: காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் பாதை முழுக்கச் செல்ஃபி எடுக்கிறவர்கள், வழி கேட்டுக் கேட்டே அலுத்துவிடும்.

மனது கசந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பூங்காவில் வீல்சேரோடு ஏற்றக்கூடிய ஊஞ்சல் போட்டிருந்தார்கள். ஆசையாகக் கூட்டிப்போனால் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று காவலாளிக்குத் தெரியவில்லை, "மத்த பசங்க ஏறி ஒடச்சிடுவாங்கம்மா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் தம்பி அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 30ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக இவர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது, இந்தியா 2007லேயே ஏற்றுக்கொண்டது. அதையும் எழுதி மனு கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துப் பூங்காவிலும் இப்படிப் பூட்டியிருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள், ஒருவர் கேட்பதைவிட நாலு பேர் கேட்டால் அசைவார்கள்.

இப்போது தண்ணீரில் இறக்க ஆசைப்படுகிறோம். 33 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு இருந்தால் தசை இளகும், குளிர்ந்த தண்ணீரில் இறுக்கம் கூடிவிடுகிறது. தென்சென்னையில் அப்படி ஒரு நீச்சல் குளம், இறங்கச் சாய்தளமோ தூக்கிவிடும் நாற்காலியோ உள்ளதாக, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கூட இறங்குவதற்கு நான் இருக்கிறேன்.