ஸ்டியரிங் ‘ப்ளே’: தளர்வு வேண்டாம், வெற்றாட்டம் எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக எழுதிவரும் லாரிப் பராமரிப்புக் கையேட்டில் ‘ஸ்டியரிங் ப்ளே’ (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் வளையம் மட்டும் சும்மா ஆடும் அளவு) என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று போன வாரம் குழுவில் கேட்டிருந்தேன். நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் ‘தளர்வு’ என்றே முடித்துவிடலாம் என்கிறீர்கள். எளிய சொல்தான், சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்ல ஒரு வண்டியின் கதைக்குப் போக வேண்டும்.

சங்ககிரியில் என் சித்தப்பாவின் பட்டறைக்குப் போன மாதம் பழைய ஆறு சக்கர லாரி ஒன்று வந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து வண்டி. ஓட்டுநர் இறங்கி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மேஸ்திரி, ஸ்டேரிங் ஒரே லூசுங்க. வேற இடத்துல ரெண்டு தடவ டைட் வெச்சுக் குடுத்தாங்க. நேர் ரோட்டுல இன்னும் லூசாத்தானுங்க இருக்குது. வளைவுல ஒடிச்சா, திரும்பி நேருக்கு வரமாட்டேங்குது.”

லூசாகவும் இருக்கிறது, இறுகியும் கிடக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி?

சித்தப்பா முதலில் அளந்தார். முன் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் அசையத் தொடங்கும் வரை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை திருப்பினார். கோடு நகர்ந்த தூரம் 17 செ.மீ. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 98 இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஸ்டியரிங் வளையத்தில் 30 பாகைக்கு மேல் ‘பேக்லாஷ்’, அதாவது இப்படி வீணாகும் ஆட்டம், இருக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. அந்த லாரியின் வளையம் 50 செ.மீ. விட்டம். சுற்றளவு 157 செ.மீ., 30 பாகை என்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 13 செ.மீ. ஆக, வண்டி சட்டத்தின் வரம்பையும் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“கண்ணு, நீ மேல ஏறி உக்காந்து ஆட்டு. நான் கீழ பாக்கறேன்” என்றார். வண்டி நான்கு பக்கமும் தரையில், முழு எடையும் சக்கரத்தில். நான் வளையத்தைச் சிறிது சிறிதாக இருபுறமும் ஆட்ட, அவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துக்கொண்டே போனார். வளையத்தின் சுழற்சியைப் பற்களால் கீழே கடத்தும் ஸ்டியரிங் பெட்டி, வண்டியின் சட்டமான சேசிஸின் மேல் அசைகிறதா? இல்லை, போல்ட்டுகள் கெட்டி. பெட்டியிலிருந்து தொங்கும் கை போன்ற டிராப் ஆர்ம்? நான் ஆட்டிய உடனே அதுவும் ஆடுகிறது. அதனோடு சேர்ந்து அசைவைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்கின் பந்து மூட்டில் கை வந்ததும் “நிறுத்து” என்றார். ஆர்ம் நகர்ந்த பிறகும் லிங்க் ஒரு கணம் சும்மா நின்றது, பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு கிளம்பியது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தைக்கூட, மூட்டின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்த விரல் சொல்லிவிடும். மேலிருந்த ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மண்ணும் எண்ணெயும் குழைந்த காவி நிறக் களிம்பு. ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்பதையும் அதே விதி 98 சொல்கிறது. மூடி கிழிந்தால் மூட்டின் ஆயுசு போயிற்று.

அடுத்து முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பார்த்தால், வலது சக்கரம் கல்லாக நிற்கிறது, இடது சக்கரம் ஆடுகிறது. சக்கரம் சுழல உதவும் ஹப் பேரிங்கா, சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னா? சித்தப்பா என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் பிடித்ததும் டிரம்மும் ஷூவும் ஒன்றாகிவிடும், பேரிங்கில் இருக்கும் ஆட்டம் மறைந்துவிடும். மிதித்த பிறகும் சக்கரம் ஆடியது. கிங் பின்னைச் சுற்றியிருக்கும் உறையான புஷ் தேய்ந்துவிட்டது. கிரீஸ் நிப்பிளில் மண் இறுகிப்போய், எத்தனை நாளாகவோ புஷ்ஷுக்குக் கிரீஸே போகவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த வண்டியில் எந்த நட்டும் தளரவில்லை. எல்லா நட்டுகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. நடந்தது தேய்மானம். ஆனால் ‘லூஸ்’ என்ற புகார் காதில் விழுந்ததும், முன்பு பார்த்தவரின் கை ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்குருவுக்குப் போயிருக்கிறது. லூஸ் என்றால் டைட் வைக்க வேண்டும், டைட் வைக்க வாகாக ஒரு ஸ்குருவும் வெளியே தெரிகிறது. பெட்டிக்குள் இருக்கும் பற்கள் நேராகப் போகும் நிலையில் நெருக்கமாகவும், வளையத்தை ஒடிக்க ஒடிக்கச் சற்று இடைவிட்டும் பொருந்தும்படி அமைந்தவை. வண்டி நேராகத்தானே அதிகம் ஓடுகிறது, அதனால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். அந்தத் தேய்மானத்துக்கும், வேறு மூட்டுகளின் தேய்மானத்துக்கும் சேர்த்து ஸ்குருவை முடுக்கினால் ஓரப்பற்கள் பிடித்துக்கொள்ளும். வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பாதது அதனால்தான். காய்ந்துபோன கிங் பின்னும் தன் பங்குக்குப் பிடித்திருக்கும்.

‘தளர்வு’ என்ற சொல்லும் இதே வழியில்தான் கையை இழுக்கும். கயிறு தளர்ந்தால் இறுக்குவோம், பிடி தளர்ந்தால் இறுக்குவோம். தமிழில் தளர்வுக்கு எதிர்ச்சொல் இறுக்கம். பதினேழு வயதுப் பையன் “ஸ்டியரிங் தளர்வைச் சரிசெய்தல்” என்று தலைப்பைப் படித்தால் ஸ்பேனரைத்தான் எடுப்பான். தப்பு அவனுடையதாக இருக்காது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

> ‘விளையாட்டு’ என்று நேராகவே மொழிபெயர்த்தால் என்ன?

பல் ஆடுகிறது என்கிறோம், பல் விளையாடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலிக் கால் ஆடுகிறது, கோடாலிக் காம்பு ஆடுகிறது, ஆணி ஆடுகிறது. பொருத்தியிருக்க வேண்டிய ஒன்று பொருந்தாமல் அசைவதற்குத் தமிழில் ‘ஆடு’ என்ற வினை வெகுகாலமாக இருக்கிறது. பட்டறைகளிலும் “கிங் பின்னுல ஆட்டம் இருக்குது”, “எண்டுல ஆட்டம்” (எண்டு என்பது கம்பியின் நுனியிலுள்ள பந்து மூட்டு) என்பதுதான் அன்றாடப் பேச்சு. கையில் இருப்பதை விட்டுவிட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

> அப்படியானால் ‘ஆட்டம்’ என்றே விட்டுவிடலாமே?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு இரண்டு நாள் போயிற்று. ஒரு மூட்டில் இருக்கும் ஆட்டம் வேறு, எல்லா மூட்டுகளின் ஆட்டமும் சேர்ந்து ஸ்டியரிங் வளையத்தில் வந்து நிற்கும் அளவு வேறு. முன்னதைக் கீழே படுத்து விரலால் பார்க்கிறோம், பின்னதை மேலே உட்கார்ந்து ஸ்கேலால் பார்க்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் ஆரம் 25 செ.மீ., டிராப் ஆர்மின் நீளம் 20 செ.மீ., பெட்டியின் விகிதம் 20-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், டிராக் லிங்க் மூட்டில் உள்ள 1 மி.மீ. ஆட்டம் ஓட்டுநரின் கையில் 25 மி.மீ. ஆகத் தெரியும். நகத்தளவு தேய்மானம் ஒரு சாண் ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், “ஆட்டம் 25 மி.மீ.” என்று எழுதும்போது எந்த ஆட்டம் என்று படிப்பவன் திகைப்பான்.

ஆகவே மூட்டில் இருப்பது ஆட்டம். வளையத்தில் அளப்பது, அதாவது கை திருப்பியும் சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் வீணாகும் அசைவு, வெற்றாட்டம். வெறுமை அடியாகப் பிறந்த சொல். வெற்றிடம், வெற்றுடல், வெற்றொலி போல வெற்றாட்டம். பட்டறையில் ‘வெத்தாட்டம்’ என்று ஆகிவிடும், ஆகட்டும். வெற்றிலை வெத்தலை ஆனதால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

‘வெற்றி’ என்ற சொல்லோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வெற்றி என்பது இகரத்தில் முடிவது, ஆட்டத்தோடு சேர்ந்தால் யகர உடம்படுமெய் வந்து ‘வெற்றியாட்டம்’ ஆகும். வெற்று என்பதில் குற்றியலுகரம் கெட்டு ‘வெற்றாட்டம்’ ஆகிறது. காதுக்கும் கண்ணுக்கும் வேறுபாடு தெரிகிறது.

> கிளட்ச் மிதியிலும் ப்ளே உண்டு. அது குறை இல்லையே, வேண்டுமென்றே விடுவதாயிற்றே. ‘வெற்று’ என்றால் குறை போலத் தொனிக்காதா?

மிக நல்ல கேள்வி. வெற்றிடம் என்றால் குறைப்பட்ட இடம் என்று பொருள் இல்லை, எதுவும் இல்லாத இடம் என்பதே பொருள். வெற்றாட்டமும் வேலை எதுவும் செய்யாத ஆட்டம், அவ்வளவுதான். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அளவு சொல்லட்டும். ஸ்டியரிங்கிலும் அதை அடியோடு ஒழிக்க முயல்வது தவறு. ஆகவே ‘மிதியின் வெற்றாட்டம்’ என்று அங்கேயும் இதே சொல்லைத் தயங்காமல் எழுதலாம்.

பேக்லாஷ் பற்றி ஒரு வரி. சட்டம் அந்தச் சொல்லை மொத்த ஆட்டத்துக்கும் ஆள்கிறது. கையேட்டில் நான் அதைப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ளதற்கு மட்டும் ஒதுக்கி, ‘பல்லிடை ஆட்டம்’ என்று எழுதப் போகிறேன்.

‘லூஸ்’ என்ற ஒரே புகாருக்குள் ஓட்டுநர்கள் இன்னும் மூன்று கோளாறுகளை அடக்கிவிடுகிறார்கள். அவற்றுக்கு அவர்களே சொற்களும் வைத்திருக்கிறார்கள். வண்டி தானாக ஒரு பக்கம் போனால் ‘இழுக்குது’. வளையம் கையில் நடுங்கினால் ‘உதறுது’. நேர்ச்சாலையில் அங்குமிங்கும் போனால் ‘அலையுது’. இழுப்பு, உதறல், அலைச்சல் என்று மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இதில் அலைச்சலை மட்டும் கவனமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு பிணைக்கும் யு போல்ட் தளர்ந்தோ, அந்தப் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிந்தோ ஆக்ஸிலே இடம் மாறினால், வெற்றாட்டம் சரியான அளவில் இருந்தாலும் வண்டி அலையும். அந்த இடத்தில் யு போல்ட்டுக்குத் ‘தளர்வு’ என்ற சொல் சாலப் பொருந்தும், அங்கே இறுக்குவதுதான் மருந்து.

ஸ்டியரிங்குக்கே ‘திசைமாற்றி’ என்று எழுத வேண்டும் என்று சிலரும், ‘சுக்கான்’ போதுமே என்று யாழ்ப்பாணத்து நண்பரும் எழுதியிருந்தீர்கள். சுக்கான் எனக்கும் பிடித்த சொல். ஆனால் இங்கே பையன்கள் ‘ஸ்டேரிங்’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள். தெரிந்த பெயர் தெரிந்தபடி இருக்கட்டும், தெரியாத கருத்துக்கு மட்டும் புதுச்சொல் ஆக்குவோம் என்பது என் எண்ணம்.

சித்தப்பா அந்த லாரியைச் சரிசெய்த வரிசையையே கையேட்டில் வைக்கிறேன். முதல் வேலையாக அவர் பெட்டியின் ஸ்குருவைத் தளர்த்தி, முன்பு முடுக்கியதை எடுத்துவிட்டார். பிறகு டிராக் லிங்க் எண்டு புதிது. இரண்டு பக்கமும் கிங் பின்னும் புஷ்ஷும் புதிது, புஷ்ஷின் துளையைப் பின்னுக்குச் சரியாக ரீமர் போட்டுச் சீவி, மேல்கீழ் இடைவெளிக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தார். ஒவ்வொரு நட்டுக்கும் அது கழலாமல் காக்கும் புது ஸ்பிளிட் பின், பழசை நிமிர்த்தி மறுபடி போடவே விடமாட்டார். ஆக்ஸில் ஜாக்கியில் தொங்கும்போதே கிரீஸ் அடித்தார், எடை இறங்கிவிட்டால் கீழே தாங்கும் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சக்கரத்தை நேராக வைத்து, பெட்டியின் ஸ்குருவைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, இரு ஓரம் வரைக்கும் திருப்பிப் பார்த்துப் பார்த்து, லாக் நட்டைப் பூட்டினார். நல்லவேளை, பற்கள் தப்பித்திருந்தன. கடைசியாக வீல் அலைன்மென்ட்.

சாக்பீஸ் கோட்டில் மறுபடி ஸ்கேல் வைத்தபோது 4 செ.மீ. இருந்தது.

கையேட்டின் வரைவு வரி இப்படி இருக்கும்: “வெற்றாட்டத்தை வளையத்தில் அளந்துகொள். அது எந்தெந்த மூட்டின் ஆட்டத்தால் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடு. தேய்ந்ததை மாற்று. பெட்டியின் ஸ்குருவைக் கடைசியாகத் தொடு.” இதில் ‘வெற்றாட்டம்’ என்ற இடத்தில் உங்கள் சொல்லைப் போட்டுப் படித்துப் பாருங்கள். இதைவிட நன்றாகப் பொருந்தினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். கிங் பின்னுக்கு வந்த ஐந்து சொற்களையும் பார்த்தேன். எதுவும் பட்டறையில் நிற்கும் என்று தோன்றவில்லை, இப்போதைக்குக் கிங் பின் என்றே எழுதுகிறேன்.

அன்புடன்.