டீப்ரீஃபிங் நடத்தும் டியூட்டரை எப்படிக் கவனிப்பது?

நாகர்கோவில்காரி:
எங்கள் நர்சிங் கல்லூரி ஸ்கில் லேபில் எனக்குப் புது வேலை. ஒவ்வொரு சிமுலேஷன் (டம்மி நோயாளியை வைத்து நடத்தும் ஒத்திகை) முடிந்ததும், நடந்ததைப் பற்றிப் பிள்ளைகளோடு டியூட்டர்கள் பேசும் டீப்ரீஃபிங்கைப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, அவர்களிடம் கருத்துச் சொல்ல வேண்டும். நேற்று பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு கேஸ். ஒரு பிள்ளை டம்மிக்கு, கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டாள். குறிப்பு எழுதியவளுக்கு அது தெரியவில்லை. இன்னொருத்தி மறுபடியும் ஊசி எடுக்கப் போனாள். பேச வேண்டியது இதைத்தான். டியூட்டரோ "நல்லா பண்ணீங்க, ஆனா..." என்று ஆரம்பித்து ரத்தப்போக்கின் காரணங்களை முழு வகுப்பாகவே எடுத்து முடித்தார். ஊசி போட்ட பிள்ளை கடைசிவரை கையுறையை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவர் எனக்கே பாடம் எடுத்தவர். மார்க் ஷீட்டோடு போய் உட்கார்ந்தாலே அவர் முகம் மாறுகிறது. எதைக் கவனிக்க, எப்படிச் சொல்ல?

தக்கலை டீச்சர்:
எந்த ஷீட்? டீப்ரீஃபிங்குக்கு மார்க் போடும் டாஷ் (DASH) ஷீட்டா? அது பாஸ்டன் சிமுலேஷன் மையத்துக்காரர்கள் போட்டது, ஆறு அம்சம், ஒவ்வொன்றுக்கும் 7 வரை. அதே வேலைக்கான லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஓசாட் (OSAD) ஷீட்டில் எட்டுத் தலைப்பு, மொத்தம் 40. இரண்டும் நல்லவைதான். ஆனால் மூத்தவரிடம் "உங்களுக்கு 40-க்கு 23" என்று சொல்லிவிட்டு மதியம் அதே ஸ்டாஃப் ரூமில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க முடியுமா? டாஷில் நடத்தியவரே தன்னை மதிப்பிடும் படிவமும் உண்டு. முதலில் அதை அவர் நிரப்பட்டும்.

மார்த்தாண்டம் மயக்க மருத்துவர்:
படிவம் அப்புறம். ஒரு வெள்ளைத்தாளில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் வட்டத்தை வரையுங்கள். யார் யாரிடம் பேசினாலும் ஒரு கோடு. எல்லாக் கோடும் டியூட்டரிடமே போய் முடிந்து, பிள்ளைகளுக்குள் ஒன்றுகூட இல்லையென்றால் தாளை அவர் கையில் கொடுத்தால் போதும்.

அவர் கேட்கும் கேள்விகளை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். "ஏன் சொல்லல?" என்பது குற்றப்பத்திரிகை. "மருந்து கொடுத்தா அடுத்து என்ன செய்யணும்?" என்பது அவர் மனதில் உள்ள விடையைப் பிள்ளைகள் ஊகிக்கிற விளையாட்டு. ஜென்னி ருடால்ஃபும் கூட்டாளிகளும் 2006-இல் எழுதிய முறை வேறு. கண்டதைச் சொல்ல வேண்டும், அது ஏன் உறுத்தியது என்று சொல்ல வேண்டும், பிறகுதான் கேள்வி. "ஊசி போட்டதை யாரும் சொல்லி நான் கேக்கல. ரெண்டாவது டோஸ் போயிருமோன்னு பயந்தேன். அந்த நேரம் உன் மனசுல என்ன ஓடிச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாத்தியார்களுக்கு அதுதான் பெரும்பாடு.

நீங்கள் டியூட்டரிடம் பேசுவதும் இதே முறையில் இருக்கட்டும். "அந்தப் பிள்ளை பேசாமலே கூட்டம் முடிஞ்சுது மேடம், அவ என்ன நெனச்சான்னு தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. உங்களுக்கு எப்படிப் பட்டுது?" அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

குளச்சல்காரன்:
நான் நர்ஸ் இல்லை. கடலோர ஊர்களில் புயல் ஒத்திகை நடத்தும் குழுவில் இருக்கிறேன். 2017 ஒக்கிக்குப் பிறகு இங்கே யாரும் ஒத்திகையை விளையாட்டாக எடுப்பதில்லை. இருந்தும் ஒரு கூட்டத்தில் நடத்தியவரின் முதல் கேள்வியே "யாரு லேட்டு?" அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. வயர்லெஸ் பேட்டரி செத்துக் கிடந்தது டீக்கடையில்தான் வெளியே வந்தது. அதனால் கூட்டம் முடிந்ததும் கூடவே டீ குடிக்கப் போங்கள். வட்டத்தில் வராத முக்கியமான பேச்சு டீக்கடையில் வந்தால், உங்கள் குறிப்பில் முதல் வரி அதுதான்.

நாகர்கோவில்காரி:
சரியாச் சொன்னீங்க அண்ணே. நேற்று பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளை தோழியிடம், "நான் சொன்னேன், டாக்டரா நடிச்ச அக்கா போட்ட சத்தத்துல யாருக்கும் கேக்கல" என்றாள். இது உள்ளே வந்திருந்தால் பேச்சே வேறு. வியாழக்கிழமை எக்லாம்சியா (கர்ப்பகால வலிப்பு) கேஸ். வட்டம் போட்ட தாளை மட்டும் கொண்டுபோகிறேன். எங்கே உட்காரட்டும்?

மார்த்தாண்டம் மயக்க மருத்துவர்:
டியூட்டருக்குப் பின்னால் வேண்டாம். பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி. நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தங்களுக்கு மார்க் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.