வரிசைப்படுத்தல் காப்புரிமை விண்ணப்பத்துக்கு 112(ஏ), 112(பி), சீக்வென்ஸ் லிஸ்டிங் ஆட்சேபங்கள்: எதை எப்படித் திருத்துவது?

பாலிமரேஸ்_775

வணக்கம். அமெரிக்காவில் தாக்கல் செய்த விண்ணப்பத்துக்கு ஆய்வாளரின் முதல் ஆட்சேபக் கடிதமாகிய ஆபீஸ் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. விண்ணப்பத் தேதி 2022 ஜூலைக்குப் பிறகு. சுருக்கம் இது (க்ளெய்ம் என்பது காப்புரிமை கோரும் எல்லையைச் சொல்லும் வாக்கியம்; சீக் ஐடி என்பது வரிசைப் பட்டியலில் ஒரு வரிசையின் எண்):

க்ளெய்ம் 1: "சீக் ஐடி 1-உடன் குறைந்தது 90% ஒத்திருக்கும், மேம்பட்ட சேர்ப்புத் திறன் கொண்ட பாலிமரேஸால் 3'-ஓ-அசைடோமெத்தில் நியூக்ளியோடைடுகளைச் சேர்த்து, போதிய ஆழத்தில் டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் முறை."
க்ளெய்ம் 7: சில வரிசைகளோடு "கடுமையான நிலைமைகளில்" இணையும் கேப்சர் ப்ரோப்கள் (வேண்டிய டிஎன்ஏவைப் பிடித்தெடுக்கும் குட்டி டிஎன்ஏக்கள்).
க்ளெய்ம் 9: பிராஃப் மரபணுவில் ஓர் இடம், குரோமோசோம் எண்ணும் இட எண்ணும் மட்டும்.
க்ளெய்ம் 12: "பேஸ்களை வாசிக்கும்படி அமைக்கப்பட்ட அலகு."

சீக் ஐடி 1 என்பது 775 அமினோ அமிலம் கொண்ட மூலப் பாலிமரேஸ். விவரக்குறிப்பில் நான்கு மாற்றுருக்கள் சோதனைத் தரவுடன் இருக்கின்றன (சீக் ஐடி 2 முதல் 5 வரை). க்ளெய்ம் 1-க்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 112(ஏ)-வின் (போதிய விவரணை) கீழ் இரண்டு ஆட்சேபங்கள். 1, 7, 9, 12 நான்குக்கும் 112(பி) (எல்லை தெளிவில்லை). தனியாக, சீக்வென்ஸ் லிஸ்டிங் (வரிசைகளின் கணினிக் கோப்பு) குறைபாடு என்று ஓர் அறிவிப்பு: 8 எழுத்து இன்டெக்ஸ் (மாதிரியை அடையாளம் காட்டும் குறுவரிசை) 24, டிஎன்ஏ துண்டின் முனையில் ஒட்டும் ஒய் வடிவ அடாப்டர் ஒன்று.

தாக்கலுக்குப் பிறகு மேலும் 11 மாற்றுருக்கள் வேலை செய்வது தெரிந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்தால் 112(ஏ) தீருமா? அல்லது 90%-ஐ 98% ஆக்கினால் போதுமா?

க்ளெய்ம்வாசகர்

முதலில் 112(ஏ)-வின் கீழ் வந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று எழுத்து விவரணை: தாக்கல் தேதியில் இந்தக் கண்டுபிடிப்பு உங்கள் கையில் இருந்தது என்று விவரக்குறிப்பு காட்டுகிறதா என்பது. மற்றது செயல்படுத்தத் தகுந்த விளக்கம்: துறை அறிந்த ஒருவர் அளவுக்கு மீறிய சோதனை இல்லாமல் க்ளெய்மின் முழுப் பரப்பையும் செய்துபார்க்க முடியுமா என்பது. இவை தனித்தனித் தேவைகள் என்று 2010-ல் ஏரியாட் எதிர் எலி லில்லி வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் முழு அமர்வு தீர்த்துவிட்டது. ஒன்றுக்கு எழுதிய பதில் மற்றதற்குச் செல்லாது. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துப் பதில் போடுவதுதான் இந்த ஆட்சேபம் இரண்டாம் சுற்றிலும் அப்படியே திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஆய்வாளருக்கு ஏன் உறுத்துகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 775-ல் 90% என்றால் 77 இடங்கள் வரை மாறலாம், ஒவ்வோர் இடத்திலும் வேறு 19 அமினோ அமிலங்கள் வரலாம். மொத்தச் சேர்க்கைகள் 10-இன் 200-ஆம் அடுக்கைத் தாண்டும். நீங்கள் காட்டியது நான்கு. எந்த 77 இடங்களைத் தொட்டால் சேர்ப்புத் திறன் கூடும், எதைத் தொட்டால் என்சைமே செத்துவிடும் என்று க்ளெய்மில் ஒரு சொல்லும் இல்லை.

98% ஆக்கினாலும் 15 இடங்கள் மிஞ்சும். சேர்க்கைகள் அப்போதும் 10-இன் 50-ஆம் அடுக்கை ஒட்டி நிற்கும். சதவீதத்தை இறுக்குவது எழுத்து விவரணைக்கு மருந்தல்ல. அதற்கு இரண்டு வழிதான்: அந்த வகை முழுவதையும் பிரதிநிதிக்கும் அளவுக்கு உதாரணங்கள், அல்லது அந்த வகைக்கே பொதுவான கட்டமைப்பு அடையாளம். 1997-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எதிர் எலி லில்லி வழக்கில் எலியின் இன்சுலின் சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) மட்டும் விவரித்துவிட்டு மனித இன்சுலின் சிடிஎன்ஏவைக் கோரியது செல்லவில்லை. செயல்படுத்தல் பக்கத்தில் 2023-ன் ஆம்ஜென் எதிர் சனோஃபி தீர்ப்பு. 26 ஆன்டிபாடிகளின் அமினோ அமில வரிசை கொடுத்திருந்தும், "இந்த வேலையைச் செய்யும் எல்லா ஆன்டிபாடியும்" என்ற கோரிக்கையை அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. உங்கள் "மேம்பட்ட சேர்ப்புத் திறன்" அதே சாயலில் இருக்கிறது.

ஒரு கேள்வி: அந்த நான்கு மாற்றுருக்களுக்கும் பொதுவாக மாறிய இடங்கள் எவை? அது விவரக்குறிப்பில் வாக்கியமாக இருக்கிறதா, அட்டவணையில் மட்டுமா?

பாலிமரேஸ்_775

இடங்களைப் பொதுவில் சொல்ல விரும்பவில்லை. ப, ம, ய என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் ப, ம இரண்டும் மாறியிருக்கின்றன. ய இரண்டில் மட்டும். ப, ம இடங்கள் நியூக்ளியோடைடின் 3' முனையை ஒட்டிய பள்ளத்தில் இருப்பதால் தடைக் குழுவுக்கு (3'-ஓ-அசைடோமெத்திலுக்கு) இடம் கிடைக்கிறது என்று ஒரு பத்தி இருக்கிறது. அங்கே எந்தெந்த அமினோ அமிலம் வரலாம் என்று பட்டியலும் உண்டு. நான்கிலும் எக்ஸோநியூக்ளியேஸை (சேர்த்த பேஸை வெட்டியெடுக்கும் செயலை) முடக்கும் டி141ஏ, ஈ143ஏ மாற்றங்களும் இருக்கின்றன. அவை க்ளெய்மில் இல்லை.

க்ளெய்ம்வாசகர்

அந்தப் பத்திதான் உங்களைக் காப்பாற்றும். கட்டமைப்புக்கும் செயலுக்கும் இடையிலான தொடர்பை அது சொல்கிறது. க்ளெய்மை இந்த வாக்கில் மாற்றலாம்: "சீக் ஐடி 1-உடன் முழு நீளத்தில் குறைந்தது 95% ஒத்திருக்கும், சீக் ஐடி 1-இன் ப இடத்துக்கு நேரான இடத்தில் (பட்டியல்) இலிருந்து ஒன்றும், ம இடத்துக்கு நேரான இடத்தில் (பட்டியல்) இலிருந்து ஒன்றும் கொண்ட பாலிமரேஸ்." 95 என்ற எண் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத எண்ணைப் புகுத்தினால் புதிய விஷயம் என்று இன்னோர் ஆட்சேபம் வரும்.

"மேம்பட்ட" என்பதைத் தனியாக விடாதீர்கள். எதைவிட மேம்பட்டது, எந்த வெப்பநிலையில், எந்த நியூக்ளியோடைடு செறிவில், எந்த வார்ப்பு டிஎன்ஏவில் அளந்தது? உதாரணத்தில் அளந்த நிலைமையைக் க்ளெய்முக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லையே வெட்டுங்கள். இரண்டு இடங்களையும் பூட்டிவிட்டால் அது பெரும்பாலும் தேவைப்படாது.

11 புதிய மாற்றுருக்களை விவரக்குறிப்பில் சேர்க்க முடியாது; பிரிவு 132(ஏ) தடுக்கிறது. விதி 1.132 பிரமாணப் பத்திரத்தில் தரலாம், ஆனால் அதன் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். ஏற்கனவே எழுதிய வழிகாட்டலைப் பின்பற்றியே அந்த 11-உம் கிடைத்தன என்றால் செயல்படுத்தல் வாதத்துக்கு அது நல்ல சான்று, அளவுக்கு மீறிய சோதனையா என்று பார்க்கும் வான்ட்ஸ் காரணிகளில் அளவிடப்படும். எழுத்து விவரணையில் உள்ள ஓட்டையை அது அடைக்காது, தாக்கல் தேதியில் அவை உங்களிடம் இல்லையே. ப, ம தவிர வேறு இடங்களில் மாறியவை அந்த 11-இல் இருந்தால், அவற்றுக்குத் தனி விண்ணப்பம் அல்லது கன்டினியூஏஷன்-இன்-பார்ட் (பழையதோடு புதிய விஷயமும் சேர்த்த தொடர் விண்ணப்பம்). புதிய பகுதிக்குப் புதிய தேதிதான் கிடைக்கும், அதனால் அதற்கு முன் எதையும் வெளியிட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டுச் சலுகை உண்டு, ஐரோப்பாவில் அப்படி ஒரு பொதுச் சலுகை கிடையாது.

ஆயத்தொலை

112(பி) பக்கம் நான் சொல்கிறேன். 2014-ன் நாட்டிலஸ் எதிர் பயோசிக் தீர்ப்பின்படி க்ளெய்மின் எல்லை துறை அறிந்தவருக்கு நியாயமான உறுதியோடு தெரிய வேண்டும். வரிசைப்படுத்தலில் இந்த உறுதி உடைவது அநேகமாக அளக்கும் சொற்களில்தான்.

"90% ஒத்திருக்கும்": வகுக்கும் எண் எது? 100 அமினோ அமிலத் துண்டு ஒன்றில் 95 பொருந்தினால் உள்ளூர் ஒப்பீட்டில் 95%. அதையே 775-ஆல் வகுத்தால் சுமார் 12%. முழு நீளமா, ஒப்பிட்ட பகுதியா, இடைவெளிகளை எண்ணுவதா என்று எழுதுங்கள். நீடில்மன்–வுன்ஷ், பிளோசம்62, இடைவெளி திறப்பு 10, நீட்டிப்பு 0.5 என்பது போல நிரலும் அளவுகளும் விவரக்குறிப்பில் இருந்தால் பதிலில் அதைச் சுட்டினாலே போதும். கூடவே, "சீக் ஐடி 1-இன் ஒரு வரிசை" என்று எழுதியிருந்தால் எந்தத் துண்டும் அதில் அடங்கும் என்று ஆய்வாளர் வாசிக்கலாம். "அந்த வரிசை" என்பதற்குரிய ஆர்ட்டிகிளைப் போடுங்கள்.

"போதிய ஆழம்" (ஓர் இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது): எண் வேண்டும். அது மொத்த ரீடுகளின் (கருவி வாசித்த துண்டுகளின்) ஆழமா, டூப்ளிகேட் நீக்கிய ஆழமா என்றும் வேண்டும். ஒரே மாதிரியில் இந்த இரண்டும் பல மடங்கு வேறுபடும். பிழை வீதம் சொன்னாலும் இதே கதை: கியூ30 தர மதிப்பெண் என்றால் ஆயிரத்தில் ஒரு பிழை, ஆனால் கருவி கணித்த கியூவா, தெரிந்த கட்டுப்பாட்டு டிஎன்ஏவோடு ஒப்பிட்டு அளந்ததா?

"கடுமையான நிலைமைகள்": 0.1× எஸ்எஸ்சி, 0.1% எஸ்டிஎஸ், 65 டிகிரி செல்சியஸ் என்று உப்பு, சோப்பு, வெப்பம் மூன்றும் வர வேண்டும். அது இணைப்பு நிலையா கழுவல் நிலையா என்பதும். 0.1× எஸ்எஸ்சி என்றால் 15 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. 2× உடன் ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு உப்பு, பிடித்து நிற்கும் ப்ரோப்களும் அதற்கேற்ப மாறும்.

க்ளெய்ம் 9-க்கு இதோ பிரச்சினை. பிராஃப் வி600ஈ மாற்றம் ஜிஆர்சிஎச்37 என்ற மனித ஜீனோம் பதிப்பில் குரோமோசோம் 7, 140453136. ஜிஆர்சிஎச்38-இல் அதே இடம் 140753336. பதிப்பைச் சொல்லாத எண் மூன்று லட்சம் பேஸ் தள்ளிப் போய் நிற்கும். மரபணு எதிர் இழையில் இருப்பதால் டிரான்ஸ்கிரிப்ட்டில் சி.1799டி>ஏ என்பது ஜீனோமில் ஏ>டி. பதிப்பு, இழை, டிரான்ஸ்கிரிப்ட் எண்ணோடு அதன் பதிப்பு எண் (புள்ளிக்குப் பின் வருவது), நான்கும் வேண்டும். ஜென்பேங்க் (பொது வரிசைத் தரவுத்தளம்) எண்ணை மட்டும் சுட்டிவிட்டு "அதை இங்கே சேர்த்துக்கொள்க" என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். விதி 1.57-ன்படி க்ளெய்முக்கு இன்றியமையாத விஷயத்தை அமெரிக்கக் காப்புரிமை அல்லது வெளியான அமெரிக்க விண்ணப்பத்திலிருந்து மட்டுமே அப்படி இழுக்க முடியும்.

எக்ஸ்எம்எல்_பிழை

லிஸ்டிங் அறிவிப்பு இருப்பதிலேயே எளிது, ஆனால் கெடுவை விட்டால் விண்ணப்பமே போய்விடும்.

2022 ஜூலை 1 முதல் லிஸ்டிங்குக்கு எஸ்டி.26 என்ற தரத்தின் எக்ஸ்எம்எல்தான். குறிப்பிட்டுச் சொன்ன நியூக்ளியோடைடு 10 அல்லது அதற்கு மேல், அமினோ அமிலம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதற்குக் கீழ் இருந்தால் சேர்க்கவே கூடாது. பழைய எஸ்டி.25 பழக்கத்தில் குட்டி வரிசைகளையும் உள்ளே போடுவதுதான் இங்கே நடந்திருக்கிறது. 8 எழுத்து இன்டெக்ஸ் 24-ஐயும் வெளியே எடுங்கள். அவை விவரக்குறிப்பின் அட்டவணையில் எழுத்துகளாக இருந்தால் போதும். எடுத்த எண்களை மூடி மறு எண் இடாதீர்கள், க்ளெய்மில் உள்ள சீக் ஐடி எல்லாம் குழம்பும். விப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) சீக்வென்ஸ் மென்பொருளில் "விடுபட்ட வரிசை" என்று வைத்தால் அந்த எண்ணில் 000 வரும்.

யுஎம்ஐயில் (ஒவ்வொரு மூலக்கூறையும் அடையாளம் காட்டும் தற்செயல் வரிசை) வரும் 'என்' (எந்த பேஸும் வரலாம்) குறிப்பிட்டுச் சொன்ன எழுத்தாகக் கணக்கில் வராது. 12 'என்' கூட 9 நிலையான எழுத்து உள்ள ஒலிகோ (குட்டி டிஎன்ஏ) 21 நீளம் என்றாலும் லிஸ்டிங்கில் இடம் பெறாது.

ஒய் அடாப்டரின் இரண்டு இழைகளும் முழுக்க இணையாதவை. இரண்டையும் தனித்தனி வரிசைகளாக, 5'-இலிருந்து 3' நோக்கி எழுதுங்கள். ஆர்என்ஏ இருந்தால் யு அல்ல, டி. ஃபாஸ்போரோதயோயேட், பயோட்டின் போன்றவை அந்தந்த இடத்தில் மாடிஃபைடு பேஸ் குறிப்பாக, வகை "அதர்", விளக்கம் நோட்டில். செயற்கை ஒலிகோவுக்கு உயிரி "சிந்தெடிக் கன்ஸ்ட்ரக்ட்", மூலக்கூறு வகை "அதர் டிஎன்ஏ".

மாற்றுக் கோப்போடு புதிய விஷயம் எதுவும் இல்லை என்ற அறிக்கையும், எதை எங்கே மாற்றினீர்கள், அதற்கு ஆதாரம் எந்தப் பக்கம் என்பதும் போக வேண்டும். விவரக்குறிப்பில் கோப்புப் பெயர், உருவாக்கிய தேதி, பைட் அளவு சொல்லும் பத்தியையும் புதிய கோப்புக்கு ஏற்ப மாற்றுங்கள். இதை மறந்து இரண்டாவது அறிவிப்பு வாங்குவது சகஜம்.

பாலிமரேஸ்_775

மிக்க நன்றி. க்ளெய்ம் 12? விவரக்குறிப்பில் "பேஸ் வாசிப்பு மென்பொருள்" என்று ஒரு பெட்டி படமும், ஃபேசிங் (இழைகள் பின்தங்கி, முந்திப் போகும் பிசகு) திருத்தத்துக்கு ஒரு சமன்பாடும் இருக்கின்றன.

ஆயத்தொலை

"அலகு" என்பதை ஆய்வாளர், செயலை மட்டும் சொல்லும் க்ளெய்முக்கான 112(எஃப்)-இல் தள்ளியிருப்பார் (வில்லியம்சன் எதிர் சிட்ரிக்ஸ், 2015). அப்போது அந்தச் செயலுக்குரிய அல்காரிதம் விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். பெட்டி படம் அல்காரிதம் ஆகாது. சமன்பாடு ஆகலாம். உள்ளீடு என்ன, ஒவ்வொரு சுழற்சியிலும் பின்தங்கிய, முந்திய இழைகளின் பங்கை எப்படிக் கழிக்கிறது, எதை வெளியிடுகிறது என்று அந்தச் சமன்பாட்டிலிருந்து படிப்படியாகக் காட்ட முடிந்தால், அந்தப் படிகளையே க்ளெய்மில் எழுதுங்கள். ஃபேசிங் தவிர்த்த வாசிப்புக்கு ஆதாரம் இல்லையென்றால் க்ளெய்மை ஃபேசிங் திருத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

க்ளெய்ம்வாசகர்

டி141ஏ, ஈ143ஏ பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. எல்லா உதாரணத்திலும் இருப்பதை க்ளெய்மில் விட்டால், "அது இல்லாமலும் வேலை செய்யும் என்று எங்கே காட்டினீர்கள்?" என்று அமெரிக்க ஆய்வாளர் கேட்கலாம். "விரும்பினால்" அல்லது "சில வடிவங்களில்" என்று விவரக்குறிப்பு சொல்லியிருந்தால் அதைச் சுட்டுங்கள். ஐரோப்பாவுக்கும் போகிறீர்கள் என்றால் இது இன்னும் கூர்மையாகும். ப, ம மட்டும் எடுத்து மற்ற இரண்டையும் விட்டது ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் பிரிவு 123(2)-க்கு எதிரான இடைநிலைப் பொதுமைப்படுத்தல் என்பார்கள். அங்கே தாமதமாகத் தரும் லிஸ்டிங் விவரணையின் பகுதியாகவும் கருதப்படாது, ஆகவே வரிசைகள் முதல் நாள் கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கெடு: ஆபீஸ் ஆக்‌ஷனுக்குப் பொதுவாக மூன்று மாதம், கட்டணம் கட்டி ஆறு மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் கிடையாது. லிஸ்டிங் அறிவிப்பின் கெடு தனி. அதை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள்.