எத்திக்ஸ் கமிட்டிக்கு வெளி உறுப்பினர்களை எங்கே தேடுவது?

வைகைக்கரை:
வணக்கம். தாலுகா ஊர் ஒன்றில் 200 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. கிளினிக்கல் ட்ரையல் (மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வு) எடுக்கப் போகிறோம், அதைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி அமைக்கும் பொறுப்பு என் தலையில். இப்போதைய பட்டியல்: தலைவர் எங்கள் மெடிக்கல் டைரக்டர்; வக்கீல், ஆஸ்பத்திரி கேஸ்களைப் பார்ப்பவர்; லே பெர்சனாக (பொதுமக்கள் தரப்பு உறுப்பினர்) போன வருடம் ரிட்டயரான எங்கள் ஹெட் நர்ஸ்; டாக்டர்கள் மூன்று பேர். ஏழாவதாக ஒரு சோஷியல் சயின்டிஸ்ட் கிடைத்தால் முடிந்தது. இந்த ஊரில் அப்படி ஒருவரை எங்கே பிடிப்பது?

நோட்டுப்புத்தகம்:
சோஷியல் சயின்டிஸ்ட் கதை அப்புறம் சார். முதல் மூன்று பெயரே தேறாது.

2019-ம் ஆண்டு புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகளின்படி தலைவர் நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். மெம்பர் செக்ரட்டரி உள்ளே இருப்பவர். மொத்தத்தில் குறைந்தது 50 சதவீதம் வெளியாட்கள். மெடிக்கல் டைரக்டரைச் சாதாரண உறுப்பினராகக்கூடப் போடாதீர்கள்; நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கமிட்டியில் உட்காரக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல். ஹெட் நர்ஸும் அதே வழிகாட்டுதலில் அடிபடுகிறார்: லே பெர்சன் கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த வேலையில் இருந்திருக்கக் கூடாது. வக்கீல் விஷயம் எளிது. ட்ரையலில் ஒரு நோயாளி இறந்து நஷ்டஈடு எவ்வளவு என்ற பேச்சு வந்தால், ஆஸ்பத்திரியிடம் ஃபீஸ் வாங்குபவர் யாருக்காகப் பேசுவார்?

அடுத்து, ஏழு என்பது குறைந்தபட்சம். அதிலேயே நின்றால் மாட்டிக்கொள்வீர்கள். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், ஐந்து பேர்தான், ஆனால் யாரோ ஐந்து பேர் அல்ல. மருத்துவ விஞ்ஞானி ஒருவர், முடிந்தவரை பார்மகாலஜிஸ்ட் (மருந்தியல் நிபுணர்); கிளினிஷியன் (நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்); சட்டம் தெரிந்தவர்; சமூகவியலாளரோ தொண்டு நிறுவனப் பிரதிநிதியோ தத்துவம், சமயம் படித்தவரோ ஒருவர்; லே பெர்சன். இதில் ஒரு நாற்காலி காலியானாலும் ட்ரையலைப் பரிசீலிக்க முடியாது. வக்கீலுக்கு அன்றைக்கு வாய்தா இருந்தால் மீட்டிங் போச்சு. ஒரே ஒரு கிளினிஷியனை வைத்துக்கொண்டு, அவரே இன்வெஸ்டிகேட்டராக (ட்ரையலை நடத்தும் டாக்டராக) வந்தால் இன்னும் மோசம். அந்த விவாதத்தில் அவர் எழுந்து வெளியே போக வேண்டும், போனதை மினிட்ஸில் எழுத வேண்டும், கோரம் அங்கேயே உடையும்.

ஆகவே 11 பேராகப் போடுங்கள். வெளியே: தலைவர், வக்கீல் இரண்டு, லே பெர்சன் இரண்டு, சமூகவியல் பக்கம் இரண்டு. உள்ளே: மெம்பர் செக்ரட்டரி, வேறு வேறு துறையிலிருந்து இரண்டு கிளினிஷியன், ஒரு பார்மகாலஜிஸ்ட். பார்மகாலஜிஸ்ட் உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து மெடிக்கல் காலேஜிலிருந்து கேளுங்கள். வெளியாள் கணக்கில் ஒன்று கூடும், நல்லதுதான். குறைந்தது ஒரு பெண் உறுப்பினர் என்பது விதி. ஒருவரோடு நிறுத்தினால் பார்ப்பதற்கே நன்றாக இருக்காது.

கீழத்தெரு:
ஆட்களைத் தேடும் இடங்களைச் சொல்கிறேன். சமூகவியலுக்கு அரசு கலைக் கல்லூரியின் சமூகவியல் அல்லது சமூகப்பணித் துறை. பணியில் இருப்பவர் என்றால் முதல்வரின் தடையின்மைக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள், பலமுறை இதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலில் இருப்பவர்கள் நல்ல தேர்வு. இலவச சட்ட உதவிக்கு வரும் ஏழைகளோடு பேசிப் பழகியவர்கள். லே பெர்சனுக்கு மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புப் பொறுப்பாளர், ரிட்டயரான தலைமையாசிரியர், போஸ்ட் மாஸ்டர். நன்கொடையாளர், ஓனரின் சம்பந்தி, சங்கத் தலைவர் வேண்டாம்.

லே பெர்சனை சி.வி. பார்த்து எடுக்காதீர்கள். தமிழில் உள்ள பழைய நோயாளி தகவல் தாள் ஒன்றில் கம்பெனி பெயரை அழித்துவிட்டு, இழப்பீடு பற்றிய பத்தியையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டுக் கொடுங்கள். அரை மணி நேரம் படிக்கட்டும். பிறகு மூன்று கேள்வி. பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது? மருந்தால் கை கால் விளங்காமல் போனால் செலவு யாருடையது? “மூணாவதுக்கு இதில் பதிலே இல்லையே” என்பவரை அங்கேயே உறுதி செய்யுங்கள். “அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவார்” என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேஜையைச் சுற்றி ஐந்து டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும்போது வாய் திறப்பவரா என்பதும் இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். சிட்டிங் ஃபீஸ் எவ்வளவு கொடுப்பது? உறுப்பினர்களுக்கு நியமன ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

நோட்டுப்புத்தகம்:
விதியில் தொகை எதுவும் இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒரே தொகை, ட்ரையலை ஒத்துக்கொண்டாலும் நிராகரித்தாலும் அதே தொகை, பேங்க் வழியாக. கமிட்டியின் எஸ்.ஓ.பி.யில் (நடைமுறைக் கையேடு) எழுதி வையுங்கள். ஸ்பான்ஸர் (ட்ரையலுக்குப் பணம் போடும் கம்பெனி) கட்டும் ரிவ்யூ ஃபீஸ் நிறுவனக் கணக்குக்கு வரட்டும். எந்த உறுப்பினர் கைக்கும் நேரடியாகப் போகக் கூடாது.

வாங்க வேண்டியவை: கையெழுத்திட்ட சி.வி., சம்மதக் கடிதம், ரகசியம் காக்கும் ஒப்பந்தம், நலன் முரண் (கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்) அறிவிப்பு, ஜி.சி.பி. (குட் கிளினிக்கல் பிராக்டிஸ், ட்ரையலை முறையாக நடத்தும் நெறிகள்) பயிற்சிச் சான்று. ஆர்டரில் பதவிக்காலம், என்ன தகுதியில் நியமனம் என்பது தெளிவாக இருக்கட்டும். “உறுப்பினர்” என்று மட்டும் எழுதினால் கோரம் கணக்கில் அவர் வக்கீலா, லே பெர்சனா என்று பின்னால் குழப்பம் வரும். வழக்கு வந்தால் செலவு யாருடையது என்று வக்கீல் கேட்பார். நிறுவனம் ஏற்கும் என்று ஆர்டரிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ட்ரையலில் மரணம் நேர்ந்தால் தகவல் வந்த 30 நாளுக்குள் கமிட்டி ஆராய்ந்து, இழப்பீடு பற்றிய கருத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும் என்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் உதவ மாட்டார். ஆளைச் சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

கீழத்தெரு:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வருடத்துக்கு ஒன்றிரண்டு ட்ரையல்தான் என்றால் சொந்தக் கமிட்டி தேவையா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். அதே ஊரில், அல்லது 50 கி.மீ. சுற்றளவுக்குள், பதிவு பெற்ற வேறொரு கமிட்டி உங்கள் இடத்துக்கும் பொறுப்பேற்றால் விதி அனுமதிக்கிறது. தூரத்தை முதலில் மேப்பில் பாருங்கள்.